எங்கட வாக்குமூலம் உங்கட அலுமாரிக்குள்ள கிடக்கு: ஐ.நா. மனித உரிமைப் பேரவை நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐ.நா. மனித உரிமைப் பேரவையில இருக்கிற நாடுகளுக்கும், இலங்கை பற்றின தீர்மானத்தை ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டு வாற நாடுகளுக்கும், வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில பிறந்து வளர்ந்த ஒருத்தி. 2009 மே மாசம் ஆமிக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த சண்டை முடியேக்க வட்டுவாகல் பாலத்தால நடந்து வெளிய வந்தனான், பிறகு வந்த சனத்தை அரசாங்கம் அடைச்சு வைச்ச மெனிக் பாம் முகாம், பிறகு கொஞ்சக் காலம் ஊர், பிறகு ஊரில இருக்க ஏலாமல் வெளிக்கிட்டு இப்ப ஐரோப்பாவில ஒரு நாட்டில அகதியா இருக்கிறன். பேரும் நாடும் போடேல்ல, ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

உங்களிட்ட கேக்க வந்தது இதுதான். தஞ்ச விசாரணை எண்டு சொல்லி எங்களை இருத்தி வைச்சு மணித்தியாலக் கணக்கா கேட்டு எழுதி எடுத்தீங்களே, அந்த வாக்குமூலங்கள் எல்லாம் உங்கட குடிவரவு அலுவலகங்களில பைல் பைலாக் கிடக்கு. எங்கட சம்மதத்தை வாங்கிக்கொண்டு அதை ஆதாரம் சேர்க்கிற ஐ.நா. அலுவலகத்துக்குக் குடுங்கோ. அண்டைக்கு நீங்கள் கேக்காமல் விட்ட மற்றப் பாதியையும், அதாவது செத்துப்போன ஆக்களைப் பற்றின பாதியையும், நாங்கள் உயிரோட இருக்கேக்க வந்து கேளுங்கோ.

அப்பிடி ஒரு அலுவலகம் இருக்கு எண்டு எங்கட சனத்தில கன பேருக்குத் தெரியாது. 2021 மார்ச்சில 46/1 எண்ட தீர்மானத்தை நீங்கள் தான் நிறைவேற்றினீங்கள், அதில தான் மனித உரிமை ஆணையாளரின்ர அலுவலகம் இலங்கையில நடந்த குற்றங்களுக்கான ஆதாரங்களைச் சேர்த்து, பாதுகாத்து, ஆராய்ஞ்சு வைக்கோணும், நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் அதைப் பாவிக்கோணும் எண்டு முடிவாச்சு. பிறகு 2022 லயும் 2024 லயும் அதை நீட்டினீங்கள். நல்ல விசயம், அதுக்கு நன்றி சொல்லுறன், மனசாரத் தான் சொல்லுறன். ஆனா ஆதாரம் சேர்க்கச் சொல்லிப் போட்டு, உங்கட சொந்த அலுமாரிக்குள்ள இருக்கிற ஆதாரத்தை நீங்கள் யாரும் திறந்து பாத்ததா நான் அறியேல்ல. இலங்கைக்குள்ள ஐ.நா. விசாரணையாளர்களை விடுறாங்கள் இல்ல, 2014 இல நீங்கள் அமைச்ச விசாரணைக்கும் அரசாங்கம் உள்ள வர விடேல்ல, அப்பிடி இருக்கேக்க வெளியில இருக்கிற சாட்சியள் தான மிச்சம்? கனடா, பிரிட்டன், பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா எண்டு எத்தினை நாட்டில எத்தினை ஆயிரம் பேர் இதே கதையைச் சொல்லி இருப்பினம். அதை ஒரு இடத்தில வைச்சு ஊர் ஊரா, தேதி தேதியாப் பாத்தால் எந்த நாள் எந்த இடத்தில எந்தப் பக்கத்தால செல் குண்டு வந்தது எண்டு தெரிஞ்சு போகும், ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆக்கள் ஒரே நாளைப் பற்றி ஒரே மாதிரி சொல்லியிருப்பினம்.

இப்ப அந்த விசாரணை எப்பிடி நடக்கும் எண்டு சொல்லோணும், ஏனெண்டா ஜெனீவாவில கை தூக்கி வாக்குப் போடுற ஆக்களில எத்தினை பேருக்கு அது தெரியும் எண்டு எனக்கு விளங்கேல்ல.

ஒரு சின்ன அறை. ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், ரைப் பண்ணுற ஒராள். முதல் கேள்வியளே பேர், பிறந்த தேதி, எந்தப் பள்ளிக்கூடம், எந்த விதானைப் பிரிவு, அதாவது எந்தக் கிராம அலுவலர் பிரிவு. பிறகு தான் சண்டை. எந்தத் தேதியில எந்த ஊருக்கு இடம்பெயர்ந்தனீங்கள், அங்க எத்தினை நாள், பங்கர், அதாவது பதுங்கு குழி, எத்தினை அடி ஆழம், செல் எவ்வளவு தூரத்தில விழுந்தது, அப்ப நேரம் என்ன. நான் விசுவமடு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் எண்டு வரிசையாச் சொன்னன், தேதி கேட்டால் எனக்குத் தெரியாது, அங்க ஆரிட்ட கலண்டர் இருந்தது, பகல் இரவு மட்டும் தான் தெரியும், சில நாள் அதுவும் தெரியேல்ல. பிறகு வந்த கடிதத்தில முதல் இன்ரவியூவில சொன்ன தேதியும் ரெண்டாவதில சொன்ன தேதியும் பொருந்தேல்ல, ஆனபடியா நம்பேலாது எண்டு எழுதி இருந்தது. மேன்முறையீடு செய்து தான் எனக்கு அந்தஸ்து கிடைச்சது. கிடைக்காத ஆக்கள் கன பேர், அவையள் சொன்னதும் உண்மை தான், அவையளின்ர பைலும் அங்க தான் கிடக்கு.

ஆனா நான் இந்த மடலை எழுத வந்தது தேதிப் பிரச்சினைக்கு இல்ல. அந்த அறையில நான் பக்கத்து பங்கர் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டன். அதிகாரி கையைக் காட்டி நிப்பாட்டினார், மரியாதையாத் தான் நிப்பாட்டினார், "உங்களுக்கு என்ன நடந்தது எண்டதை மட்டும் சொல்லுங்கோ, மற்ற ஆக்களின்ர விசயம் உங்கட கேசுக்குத் தேவையில்ல" எண்டார். மொழிபெயர்த்த அக்கா அதைத் தமிழில சொல்லேக்க என்ர முகத்தைப் பாக்காமல் மேசையைப் பாத்துக்கொண்டு தான் சொன்னவ. அந்த அதிகாரியில பிழை சொல்லேல்ல, அகதிச் சட்டம் அப்பிடித் தான், திரும்பிப் போனால் இந்த ஆளுக்கு என்ன ஆபத்து எண்டு தான் அது கேக்கும், நேற்றுச் செத்தவையைப் பற்றி அது கேக்காது. ஆனா அதால நடந்தது என்ன தெரியுமோ, இந்தப் போரைப் பற்றி இவ்வளவு வாக்குமூலம் வாங்கின இடத்திலயே செத்த ஆக்களை வெட்டிப் போட்டுத் தான் எழுதி எடுத்திருக்கிறீங்கள்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி இதில சொல்லுறன், அங்க சொல்ல விடேல்ல எண்டபடியா.

மாத்தளன் பக்கம் முழுக்கக் கடற்கரை மணல். உள்ளூரில பங்கர் வெட்டினா மண் இறுகி நிக்கும், மேல பனங்குத்தி போட்டால் கொஞ்சம் தாங்கும், கடற்கரையில வெட்ட வெட்ட மணல் சரிஞ்சு உள்ள விழும். அதால சீலையளைக் கிழிச்சுப் பையாத் தைச்சு மணல் நிரப்பிச் சுத்தி வர அடுக்கினம். பருத்திச் சீலை முதல் போச்சு, பிறகு நைலெக்ஸ், கடைசியாப் பட்டு. பக்கத்து பங்கர் அக்கா தன்ர கூறைச் சீலையைக் கத்தரிக்கோலால வெட்டேக்க நான் பக்கத்தில இருந்தனான், சிவப்புக் கூறை, கரை மட்டும் தனியா வெட்டி எடுத்து மடிச்சு மூத்த பிள்ளையின்ர பையுக்குள்ள வைச்சவ, மிச்சத்தைத் தையல் மெசினில போட்டுக் குடுத்தது என்ர அம்மா. அம்மா தையல் மெசினை விசுவமடுவில இருந்து சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தவ, கஞ்சிக்கு அரிசி இல்லாத நேரமும் அந்த மெசினை விக்கேல்ல, ஏனெண்டா அது தான் அந்த இடத்தில எல்லாருக்கும் பங்கர் கட்டினது. அக்காவும் புருசனும் மூண்டு பிள்ளையளும் புருசன்ர தாயும் அந்த பங்கருக்குள்ள தான் செத்தவை. நேர மேல விழுந்தது. தோண்டி எடுக்க நேரம் இருக்கேல்ல, அந்த மணலையே மேல தள்ளி மூடிப் போட்டு நாங்கள் வலைஞர்மடம் பக்கம் நகந்திட்டம்.

இப்ப கேள்வி என்னெண்டா, இந்த ஆறு பேரும் எந்தக் கணக்கில இருக்கினம்? காணாமல் போன ஆக்களின்ர பட்டியல் எப்பிடி வருது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. தாய் வந்து என்ர மகனைக் காணேல்ல எண்டு முறைப்பாடு குடுக்கோணும், மனுசி வந்து என்ர மனுசனைக் காணேல்ல எண்டு குடுக்கோணும், அப்ப தான் ஒரு நம்பர் விழும். முழுக் குடும்பமும் போச்சு எண்டால் ஆர் வந்து குடுக்கிறது? அவையளின்ர சொந்தக்காரரும் கடைசி நேரத்தில எங்கயோ போட்டினம். அவையள் இருந்தது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அந்தத் தறப்பாள் வரிசையில இருந்த இன்னும் ரெண்டு மூண்டு குடும்பத்துக்குத் தெரியும், அந்தக் குடும்பங்கள் இப்ப ஒண்டு கனடாவில, ஒண்டு இந்தியாவில, ஒண்டு எங்க எண்டே தெரியேல்ல. அம்மா போன வருசம் செத்துப்போனா. பக்கத்து வீட்டுக்காரரும் பக்கத்து பங்கர்காரரும் தான் இந்த ஆக்களுக்குக் கடைசி சாட்சி, அந்தச் சாட்சியிட்ட தான் "மற்ற ஆக்களின்ர விசயம் தேவையில்ல" எண்டு சொன்னது.

கணக்கைப் பற்றி நீங்கள் எல்லாரும் கதைக்கிறீங்கள். 2011 இல ஐ.நா. செயலாளர் நாயகத்தின்ர நிபுணர் குழு 40,000 பேர் வரை செத்திருக்கலாம் எண்டு எழுதிச்சு. 2012 இல ஐ.நா.வின்ர உள்ளக அறிக்கை 70,000 க்கு மேல ஆக்கள் கணக்கில இல்ல எண்டு சொன்னது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில இலங்கை அரசாங்கத்தின்ர ஆணைக்குழுவுக்கு முன்னால போய் நிண்டு 146,679 பேருக்கு என்ன நடந்தது எண்டு கேட்டவர். அவர் அதைச் சும்மா சொல்லேல்ல, 2008 ஒக்டோபரில கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகப் பதிவின்படி, சண்டை நடந்த வன்னிப் பகுதியில 429,059 சனம், பிறகு அரசாங்கப் பக்கம் வந்து பதிஞ்சது 282,380 பேர், கழிச்சுப் பாருங்கோ எண்டு தான் கேட்டவர். அந்தக் கேள்விக்கு இண்டை வரைக்கும் ஒருத்தரும் கணக்கோட பதில் சொல்லேல்ல, அவரும் 2021 ஏப்ரலில கண்ணை மூடிட்டார்.

இதில என்னைக் கூடக் கோவப்படுத்திறது இன்னொரு நம்பர். 7,721. இலங்கையில இருந்த ஐ.நா. அலுவலகமே சண்டை நடக்கேக்க, 2008 ஆகஸ்டில இருந்து 2009 மே 13 வரைக்கும் செத்தவை எண்டு எண்ணி வைச்ச கணக்கு அது. முழுக் கணக்கு இல்ல, தங்களால உறுதிப்படுத்த ஏலுமான அளவு. அதை அந்த நேரம் வெளியில விடேல்ல. நாங்கள் உள்ளுக்க இருந்து ஒருத்தரும் எங்களை எண்ணுறாங்கள் இல்லையோ எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம், எண்ணிக்கொண்டு தான் இருந்திருக்கினம், சொல்லேல்ல.

அரசாங்கம் அந்த நேரம் உள்ளுக்க 70,000 பேர் தான் இருக்கினம் எண்டு சொல்லிச்சு. கடைசியில முகாமுக்குள்ள வந்தது 280,000 க்கு மேல. அந்த 70,000 எண்ட பொய்க் கணக்குக்குத் தான் சாப்பாடும் மருந்தும் கப்பலில வந்தது. எண்ணிக்கையைக் குறைச்சுச் சொன்னதால சனம் செத்தது, இது நான் கண்ணால கண்டது. மயக்க மருந்து இல்லாமல் காலை எடுத்ததைப் பாத்தவை எங்களுக்குள்ள கன பேர் இருக்கினம். அங்க நிண்டு வேலை செய்த டொக்டர்மாரைப் பிறகு பிடிச்சு வைச்சு 2009 யூலையில மைக்குக்கு முன்னால இருத்தி தாங்கள் முந்திச் சொன்ன கணக்கு எல்லாம் பொய் எண்டு சொல்ல வைச்சவை. எண்ணுறவனை எல்லாம் இப்பிடி வாய் மூட வைச்ச நாட்டில, எண்ணிக்கை எங்க எண்டு எங்களிட்ட கேக்கிறது நியாயமோ?

இப்ப ஒரு விசயம் சொல்லப் போறன், எங்கட ஆக்கள் சில பேருக்குப் பிடிக்காது, பரவாயில்ல. சனத்தைக் கொண்டது ஒரு பக்கம் மட்டும் இல்ல. செல் அடிச்சது ஆமி, பாதுகாப்பு வலயம் எண்டு 2009 ஜனவரியில ஒண்டும் பெப்ரவரியில ஒண்டும் மே மாசம் ஒண்டும் அறிவிச்சுப் போட்டு, அதுக்குள்ள போன சனத்துக்கு மேல, ஆசுபத்திரிக்கு மேல, கஞ்சிக்கு வரிசையில நிண்ட பிள்ளையளுக்கு மேல அடிச்சது ஆமி தான், அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா சனத்தை வெளிய போக விடாமல் வைச்சிருந்தது இயக்கம், அதாவது புலிகள், போக வெளிக்கிட்டவைக்குச் சுட்டதும் இயக்கம், கடைசி மாசங்களில மீசை முளைக்காத பெடியளையும் சடை பின்னின பிள்ளையளையும் தாய்மாரின்ர கையில இருந்து இழுத்துக்கொண்டு போனதும் இயக்கம். என்ர தம்பியைப் பங்கருக்குள்ள ஒளிச்சு வைச்சு மேல பலகை போட்டு அதுக்கு மேல அம்மா இருந்து காய்கறி வெட்டினவ. எங்கட விடுதலைக்கு எண்டு வந்தவையட்ட இருந்து எங்கட பிள்ளையை ஒளிச்ச நாளை நான் மறைச்சால், பிறகு ஆமியைப் பற்றி நான் சொல்லுறதை ஆர் நம்புவினம்.

அதோட, இந்தப் போர் 2009 இல மட்டும் நடக்கேல்ல, வன்னியில மட்டும் நடக்கேல்ல. 1983 யூலையில கொழும்பில வீட்டோட எரிச்ச சனம், 1985 மே மாசம் அநுராதபுரத்தில புலிகள் சுட்ட சிங்களச் சனம், 1990 ஆகஸ்டில காத்தான்குடிப் பள்ளிவாசலில தொழுதுகொண்டு இருக்கேக்க சுட்ட முஸ்லிம் சனம், அதே வருசம் ஒக்டோபரில வடக்கில இருந்து ஒரு பையும் கொஞ்சக் காசும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளிய போங்கோ எண்டு கலைச்ச முஸ்லிம் குடும்பங்கள், அவையளில கன பேர் புத்தளத்தில முகாமில ஒரு தலைமுறையே வளர்த்துப் போட்டினம். 1995 யூலையில நவாலித் தேவாலயத்தில குண்டு போட்டுச் செத்தவை, 1996 ஜனவரியில கொழும்பு மத்திய வங்கிக் குண்டில வேலைக்குப் போய்ச் செத்தவை, 2006 ஆகஸ்டில செஞ்சோலையில கிபிர் விமானம் குண்டு அடிச்சுச் செத்த பிள்ளையள். இதில எல்லாத்திலயும் பாதிக்கப்பட்டது துவக்கு இல்லாத ஆக்கள். சாட்சி கேக்கிறது எண்டால் எல்லாரிட்டயும் கேளுங்கோ, எங்களிட்ட மட்டும் கேட்டால் அது பாதி தான்.

இந்தியாவில இருக்கிற எங்கட சனத்தைப் பற்றியும் சொல்லாமல் விட ஏலாது. 1983 இல இருந்து வள்ளத்தில ராமேஸ்வரம் பக்கம் போய் இறங்கினவை, மண்டபம் முகாமில பதிஞ்சு தமிழ்நாடு முழுக்க நூறுக்கு மேற்பட்ட முகாமில பிரிச்சு விட்டவை, இப்பவும் 50,000 க்கு மேல ஆக்கள் அந்த முகாமுகளில இருக்கினம், வெளியில இருக்கிறவை வேற. 2021 இல முகாமின்ர பேரை மறுவாழ்வு முகாம் எண்டு மாத்திச்சினம், புது வீடுகளும் கட்டிக் குடுக்கினம், நல்லது. ஆனா இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்துப் போடாத நாடு, அங்க இருக்கிற எங்கட ஆக்களிட்ட ஐரோப்பாவில மாதிரி ஒராள் ஒராளாக் கதை கேட்டு எழுதின தஞ்ச விசாரணை எண்டதே நடக்கேல்ல. வந்து இறங்கின உடன பாதுகாப்புக்கு விசாரிச்சினம், அவ்வளவு தான். அதால எங்களுக்குப் பைலாவது இருக்கு, அவையளுக்கு அதுவும் இல்ல. 83 இல கண்டதை, 90 இல கண்டதைச் சொல்லக் கூடிய கிழவன் கிழவியள் அங்க ஒவ்வொரு வருசமும் குறைஞ்சுகொண்டு போகினம். ஒரு கிழவி வள்ளம் ஏற முதல் நாள் தன்ர ஊரில என்ன நடந்தது எண்டு சொல்லோணும் எண்டால் ஜெனீவாவுக்கு ஈமெயில் போடச் சொல்லி நீங்கள் எதிர்பாக்க ஏலாது. தமிழில கதைக்கத் தெரிஞ்ச, பயிற்சி எடுத்த ஆக்கள் முகாமுக்குப் போய், இந்திய அரசாங்கத்தின்ர அனுமதியோட, இருந்து ஆறுதலாக் கேக்கோணும்.

நாட்டுக்குள்ளயும் சாட்சியள் குறைஞ்சுகொண்டு தான் போகினம். 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் ரோட்டோரத்தில கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கினவை, அந்தத் தாய்மாரில கன பேர் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு தெரியாமலே செத்துப்போட்டினம். 2025 இல யாழ்ப்பாணம் செம்மணியில புதைகுழியைத் தோண்டேக்க 200 க்கு மேல எலும்புக்கூடு வந்தது, அதில சின்னப் பிள்ளையள், ஒரு நீலப் புத்தகப் பை, விளையாட்டுச் சாமான். ஆகஸ்டில நீதிமன்றம் அந்தச் சாமானுகளைச் சனத்துக்குக் காட்டி ஆருக்காவது தெரியுமோ எண்டு கேட்டது. நான் இஞ்ச போனில அந்தப் பையின்ர படத்தைப் பாத்தன். அதை அடையாளம் காட்டக் கூடிய ஆள் இப்ப எந்த நாட்டிலயும் இருக்கலாம், எந்த விசாவோடயும் இருக்கலாம், விசா இல்லாமலும் இருக்கலாம், அந்த ஆள் எப்பிடிப் போய்ப் பாக்கிறது? உங்கட நாட்டிலயே அந்தப் படங்களை முறையா வைச்சு, வந்து பாருங்கோ, தெரிஞ்சால் சொல்லுங்கோ, உங்கட விசாவுக்கு ஒரு பிரச்சினையும் வராது எண்டு சொல்ல உங்களால ஏலும் தான?

பயம் எண்ட விசயத்துக்கு வாறன். பேர் போடாததுக்குக் காரணம் என்ர குடும்பத்தில மிச்சம் இருக்கிறவை ஊரில இருக்கினம். வெளிநாட்டில நாங்கள் என்ன கதைக்கிறம், எந்தக் கூட்டத்துக்குப் போறம் எண்டு அங்க வீட்டுக்கு வந்து கேப்பினம். 1979 இல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில எத்தினையோ பேரை வருசக்கணக்கா உள்ள போட்டவை, அந்தப் பயம் எங்கட எலும்புக்குள்ள இருக்கு. 2024 மே மாசம் சம்பூரில, போரில செத்தவையை நினைச்சுக் குடுக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் குடுத்த பொம்பிளையளைப் பொலிஸ் பிடிச்சது, அரிசியும் உப்பும் தண்ணியும் போட்ட கஞ்சிக்கு. அதால சம்மதம் எண்டு நான் சொல்லேக்க அது சும்மா ஒரு கடதாசியில கையெழுத்து இல்ல. எங்கட பைலை எங்களுக்குத் தெரியாமல் குடுக்க வேண்டாம், ஒவ்வொருத்தரையும் கேளுங்கோ, பேரை மறைச்சுத் தாறதோ திறந்து தாறதோ எண்டதை அவை அவை முடிவு எடுக்கட்டும், வேண்டாம் எண்டால் வேண்டாம், அதால அவையின்ர விசாவில ஒரு கீறலும் விழக் கூடாது. மொழிபெயர்க்க வாற ஆளும் முக்கியம், இஞ்ச எங்கட சனம் சின்ன வட்டம், இண்டைக்கு அறையில மொழிபெயர்த்தவரை நாளைக்குக் கோயில் திருவிழாவில காணுவம். அதால தான் கன பொம்பிளையள் தங்களுக்கு நடந்ததை எந்த இன்ரவியூவிலயும் சொல்லேல்ல, பொம்பிளை அதிகாரி, பொம்பிளை மொழிபெயர்ப்பாளர், வேற ஊரில இருந்து வாற ஆள், இதுகளை முதலே சொல்லிச் செய்தால் சொல்லுவினம். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் அதைத் தான் காத்துக்கொண்டு இருக்கினம்.

ரிஜெக்ட் ஆன ஆக்களின்ர பைலையும் விட்டுடாதேங்கோ. தேதி பிழைச்சதால பொய்க்காரர் எண்டு எழுதிவிட்ட ஆக்கள் சொன்ன ஊரும் ஆசுபத்திரியும் செத்தவையும் உண்மையா இருக்கலாம். தஞ்சம் குடுக்கிறதோ இல்லையோ எண்டது வேற கேள்வி, அண்டைக்கு அந்த இடத்தில என்ன நடந்தது எண்டது வேற கேள்வி, ரெண்டையும் ஒரே முத்திரையால அடிச்சு மூடிப் போட்டீங்கள்.

இதுக்குக் கனக்கக் காசு வேணும், ஆள் வேணும், சட்டத்தில இடம் இருக்கோ தெரியாது எண்டு சொல்லுவீங்கள் எண்டு தெரியும். சிரியாவில இருந்து வந்த அகதியளிட்ட ஜேர்மனி இதைச் செய்தது தான, அங்க அகதியாப் போனவை குடுத்த சாட்சியை வைச்சு கோப்லென்ஸ் நீதிமன்றத்தில 2022 ஜனவரியில ஒரு முன்னாள் புலனாய்வு அதிகாரிக்கு ஆயுள் தண்டனை குடுத்தவை. சட்டமும் இருக்கு, வழியும் இருக்கு எண்டு அது காட்டுது.

2009 மே 27 ஐ நான் இன்னும் மறக்கேல்ல. சண்டை முடிஞ்சு பத்து நாள் கூட ஆகேல்ல, நாங்கள் செட்டிகுளத்தில, அந்த மெனிக் பாம் முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள, ஒரு தறப்பாளுக்குள்ள ரெண்டு மூண்டு குடும்பம், தண்ணிக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. அண்டைக்குத் தான் உங்கட பேரவை ஜெனீவாவில சிறப்புக் கூட்டம் வைச்சு இலங்கை அரசாங்கத்தைப் பாராட்டித் தீர்மானம் போட்டது, 29 நாடு ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 நடுநிலை. எங்களுக்கு அது பிறகு தான் தெரியும். அந்தக் கூட்டத்தில முகாமுக்குள்ள இருந்த ஒருத்தரின்ர சொல்லும் இல்ல. அதுக்குப் பிறகு எத்தினையோ தீர்மானம் போட்டீங்கள், 2015 இல 30/1 ஐ இலங்கையும் சேர்ந்து கொண்டு வந்தது, 2020 இல தாங்கள் விலகிறம் எண்டு போட்டினம், நீங்களும் அடுத்த தீர்மானத்துக்குப் போனீங்கள். ஒவ்வொன்றிலயும் பாதிக்கப்பட்டவை எண்டு எழுதுறீங்கள். அந்தப் பாதிக்கப்பட்டவை உங்கட நாட்டில பஸ் ஓட்டுறம், ஆசுபத்திரி கூட்டுறம், ஹோட்டலில கோப்பை கழுவுறம், உங்கட பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையளும் படிக்குது, எங்கட விலாசம் உங்களிட்ட இருக்கு.

அடுத்த தீர்மானத்தில ரெண்டு வரி எழுதுங்கோ. அகதியளா வந்தவை ஏற்கனவே குடுத்த வாக்குமூலங்களை அவையின்ர சம்மதத்தோட ஆதார அலுவலகத்துக்குக் குடுக்க ஒவ்வொரு நாடும் ஒரு வழி செய்யோணும் எண்டு ஒரு வரி. செத்துப்போன, காணாமல் போன மற்ற ஆக்களைப் பற்றித் தெரிஞ்சதைச் சொல்ல, தஞ்சக் கேசோட சம்பந்தம் இல்லாத ஒரு தனி இடம் தமிழிலயும் சிங்களத்திலயும் திறக்கோணும் எண்டு இன்னொரு வரி. ஊர் ஊரா, விதானைப் பிரிவு பிரிவா, ஆர் இருந்தவை, ஆர் வந்தவை, ஆர் வரேல்ல எண்டு பேர் பேரா எழுதலாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவம்.

என்ர பைலைத் திறக்க எனக்குச் சம்மதம். நாட்டையும் கேஸ் நம்பரையும் ஆதாரம் சேர்க்கிற அலுவலகத்துக்குத் தனியா அனுப்பி வைக்கிறன். மாத்தளனில எங்கட தறப்பாள் வரிசையில இருந்த ஒவ்வொரு குடும்பத்தின்ர பேரும், பிள்ளையளின்ர பேரும், அவையள் எந்த ஊர் எண்டதும், தெரிஞ்ச அளவுக்கு வயசும் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன், அம்மா சாக முதல் சொன்னதையும் சேர்த்துத் தான் எழுதினது. அதை ஆரிட்ட, எங்க கொண்டு வந்து குடுக்கோணும் எண்டு சொல்லுங்கோ, லீவு போட்டுக்கொண்டு வாறன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவில இருந்து வந்த ஒரு அகதி